மேனேஜர் ஆன நண்பனுக்கு

மண்டபம்

அன்பு மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. திருப்பூர் தையல் கம்பெனியில் நீ மேனேஜர் ஆனதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மீன்பிடித் தடைக்காலம் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில்தான். நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் நண்டு வரத்து நிற்கவில்லை, எங்கள் நண்டுக் கம்பெனியும் ஓடுகிறது.

தையல் லைனில் யாரும் உன்னிடம் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். பேச்சின் தாக்கத்தில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று ட்ரெயினிங்கில் சொன்னார்களாமே. அதை அப்படியே நம்பிவிடாதே. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியல் ஆய்வாளர் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஒன்றில், ஒரே சொல்லைப் பிடித்த மாதிரியும் பிடிக்காத மாதிரியும் பேசிப் பதிவு செய்து, கூடவே முகப் படங்களைக் காட்டி, பேசியவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பிடித்திருக்கிறதா இல்லையா என்பதில் சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதுதான் அந்த ஆய்வுகளின் கேள்வி. தையல் அளவையும் ஷிப்ட் நேரத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும், முகத்தைப் பார்த்து யாருக்கும் புரியாது.

ஆனால் சொல்லும் முகமும் முரண்படுவது நம் வேலையில் தினமும் நடக்கிறது. எங்கள் ஹாலில் அவித்து ஆறிய நண்டை நீள ஸ்டீல் மேசையில் கொட்டுவார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையைப் பிரிப்பார்கள். தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கையில் கிளவுஸ். மேனேஜருக்கும் மாஸ்க்தான், சிரித்தாலும் தெரியாது. கண்ணும் குரலும் நிற்கிற விதமும்தான் மிச்சம்.

முன்பு இருந்த மேனேஜர் வாசலில் நின்று, போனைப் பார்த்தபடியே, "குறை இருந்தா தாராளமா சொல்லுங்க" என்பார். கால் அதற்குள் வெளியே திரும்பியிருக்கும். யார் சொல்வார்கள்? ஒருநாள் ஐஸ் பற்றாமல் தட்டில் சதை சூடேறிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. அந்த லாட் முழுக்கக் குப்பைக்குப் போனது. கடைசியில் திட்டு வாங்கியதும் அந்தப் பெண்கள்தான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது வந்திருக்கும் மேடம் வேறு மாதிரி. ஸ்டூலை இழுத்துப் போட்டு மேசைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார். தட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்து ஓட்டுத்துண்டு கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு நண்டு எப்படிம்மா இருக்கு?" என்பார். கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் ஒரு அக்கா, "இந்தக் கூடை மட்டும் கொழகொழன்னு இருக்கு மேடம்" என்பார். உடனே எழுந்து போய்க் கூடையை மோந்து பார்ப்பார். அப்படிப் போய்ப் பார்த்ததால்தான் மறுநாளும் சொல்கிறார்கள். கண்டிக்க வேண்டியிருந்தால் ஆளைத் தனியே கூப்பிட்டு, குரலை இறக்கித்தான் பேசுவார்.

உன் இடத்தில் மெஷின் சத்தம் வேறு. காதில் விழட்டும் என்று தூரத்தில் நின்று கத்தினாலும் கேட்பவனுக்குக் கோபமாகத்தான் தெரியும். பக்கத்தில் போய்ப் பேசு. ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றாய். உன் தமிழ் புரியாவிட்டாலும் உன் குரல் அவர்களுக்கு நன்றாகவே புரியும். அப்புறம், ஒருவர் கையைக் கட்டி, தலையைக் குனிந்து "சரிங்க சார்" என்றால் விஷயம் புரிந்துவிட்டது என்று போய்விடாதே. அது மரியாதையாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். "எப்படிச் செய்யப்போறீங்க, காட்டுங்க" என்று கேள், அதையும் பரீட்சை வைக்கிற வாத்தியார் குரலில் கேட்காதே.

அடுத்த வாரம் முழுக்க லைனுக்குப் போகும்போது போனை டேபிளிலேயே வைத்துவிட்டுப் போ. முதலில் யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், நீ என்ன செய்தாய் என்று மறக்காமல் எழுது. அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் மச்சான்