எதிர்க் கட்டில் பெரியவருக்கும், உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று காலை மகனுடைய கண்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கண் நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணில் கொஞ்சம் மங்கல் இருக்கிறது. சொட்டு மருந்து விட விட அதுவும் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் அவன் கேட்டது, "ஏம்மா இப்படி இளைச்சுட்டே?" அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த ராத்திரி கேட்காமலே வண்டியை எடுத்த கீழ்வீட்டுச் சார், கையில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கட்டிய அண்ணன் அண்ணி, சின்னவளைத் தன் பெண்ணோடு பெண்ணாகப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, என் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்த ஆபீஸ் தோழிகள், முறைவைத்து நோட்ஸ் எழுதிக் கொடுத்த அவன் வகுப்புப் பிள்ளைகள், கண்ணைக் காப்பாற்றிய டாக்டர், ராத்திரி கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த சிஸ்டர்கள், 'புள்ளைக்குப் பார்வை வந்துரும், நீ சாப்பிடு' என்று என்னை அதட்டிச் சாப்பிட வைத்த ஆயாம்மா, எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவனை அழைத்துக்கொண்டு வந்து நேரில் சொல்வேன்.

ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி ஒரே ஒருவருக்குப் போகப்போகிறது. நீங்கள் யாரும் வருத்தப்பட மாட்டீர்கள் என்று தெரியும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எதிர்க் கட்டிலில் கண்புரை அறுவை செய்துகொண்டு படுத்திருந்த தன் தம்பிக்குத் துணையாக வந்திருந்த முதியவர். வார்டில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்'. என் மகனுக்குத் 'தாத்தா'.

ஆபரேஷன் முடிந்ததிலிருந்து மகன் வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு கண்ணிலும் கட்டு, தலையை அதிகம் அசைக்கக் கூடாது, மல்லாந்தே கிடக்க வேண்டும். எது கேட்டாலும் ஒரு 'ம்'. வலிக்கிறதா என்றாலும் அதே 'ம்'தான். பதினான்கு வயதுப் பிள்ளை உள்ளுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

ஒருநாள் ராத்திரி, வார்டில் பெரிய விளக்குகளை அணைத்த பிறகு, பெரியவர் என்னிடம் வந்தார். "ஏம்மா, தம்பிக்குக் கதை கேக்கப் பிடிக்குமா?"

"அவன் பேசவே மாட்டேங்கிறான் ஐயா."

"பேச வேணாம்மா. காது கேக்குதில்ல? அது போதும்."

மஞ்சப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டிருந்தது. பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கி வைத்ததாம், கசங்காமல் இருக்க அட்டையாம். இளையோருக்கான நாவல், சரித்திரப் பின்னணியில் ஒரு துப்பறியும் கதை. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சின்ன டார்ச்சைத் தாடைக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில் படிக்க ஆரம்பித்தார். சிஸ்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

கதை நடப்பது 1914ஆம் வருடத்து மெட்ராஸில். ஜார்ஜ் டவுனில், தம்புச் செட்டித் தெருவில் ஓர் அச்சுக்கூடம். அங்கே எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி அச்சுக்கோக்கும் ஒருவரின் மகள்தான் நாயகி, அவளுக்கும் ஏறக்குறைய என் மகன் வயது. ஈய எழுத்துகளைத் திருப்பிப் படித்தே எழுத்து கற்றுக்கொண்டவள். அந்த வருடம் செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை மணிவாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு போட்டதே, அந்த ராத்திரியில்தான் அச்சுக்கூடத்தில் ஒரு திருட்டு நடக்கிறது. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலடிக்கு ஓடும்போது, திருட்டுப் பழி அவளுடைய அப்பா மேல் விழுகிறது. அவள் மட்டும் ஊரை விட்டுப் போகாமல் நின்று துப்புத் தேடுகிறாள்.

அச்சுக்கூடத்தை வர்ணிக்கும் இடம் வந்தபோது பெரியவர் படிப்பதை நிறுத்தினார். "இது சரியா எழுதியிருக்காங்க" என்றார். அப்போதுதான் தெரிந்தது, நாற்பது வருடம் அச்சுக்கோத்தவராம் அவர். ஆஃப்செட் அச்சு வந்த பிறகு வேலை போய்விட்டது. மகனுடைய இடது கையை எடுத்து, எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக்கைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கி வைத்தார். "இப்படித்தான் பிடிக்கணும். கட்டைவிரல் கடைசி எழுத்து மேல இருக்கணும், இல்லேன்னா வரி சரிஞ்சுரும். கண்ணு, பார்த்துக் கோக்கிற காப்பித் தாளை விட்டு நகராது. கை தானா எழுத்து இருக்கிற கேஸுக்குப் போகும். ஒவ்வொரு எழுத்தோட உடம்புலயும் ஒரு பள்ளம் வெட்டியிருப்பாங்க. எது தலை எது கால்னு விரலே சொல்லிரும். பார்க்கவே வேணாம்." சொல்லிக்கொண்டே, ஒவ்வோர் எழுத்தாக வைப்பது போல அவன் மடக்கிய விரலின் மேல் தட்டிக்கொண்டு வந்தார்.

மகனுடைய கட்டைவிரல் அசைந்தது. அடுத்த எழுத்துக்கு இடம்விட்டு நகர்ந்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கண்ணைக் கட்டிப் படுத்திருக்கும் பிள்ளையிடம், பார்க்காமலே செய்கிற ஒரு தொழில் இருக்கிறது என்று சொல்ல அந்த மனிதருக்குத் தோன்றியதே, அதை எந்த ஜென்மத்தில் அடைக்கப்போகிறேன்?

அதற்குப் பிறகு தினமும் ராத்திரி ஓர் அத்தியாயம். மகன் பேசவில்லை, ஆனால் ஒன்பது மணி ஆனால் முகத்தை எதிர்ப் பக்கமாகக் காட்டினான்.

இனி ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நாவலைப் படிக்கப்போகிறவர்கள் மன்னிக்க வேண்டும், திருடன் யார் என்று சொல்லவில்லை, ஒரே ஒரு முடிச்சைத்தான் சொல்கிறேன். அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒருவன் வருகிறான். முதல் குண்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், பின்வாசல் வழியாக அவர் வெளியே வந்ததைப் பார்த்தேன், சந்தில் விளக்கில்லை, ஆனால் நிலா வெளிச்சத்தில் முகம் தெளிவாகத் தெரிந்தது என்கிறான். அத்தியாயம் அங்கே முடிந்தது. பெரியவர் டார்ச்சை அணைத்தார்.

இருட்டில் மகனுடைய குரல் கேட்டது. "தாத்தா, அந்த ஆளு பொய் சொல்றான்."

நான் எழுந்து நின்றேவிட்டேன். பெரியவர் பதறவில்லை. "எப்படிச் சொல்றே தம்பி?"

"ரெண்டாவது அத்தியாயத்துல அவங்க அப்பா ஒரு செய்தி கோப்பாரே. ஆகஸ்ட் 21, ஐரோப்பாவுல முழுச் சூரிய கிரகணம்னு. சூரிய கிரகணம் அமாவாசைக்குத்தானே வரும்? அதுலேர்ந்து இருபத்தொன்பதரை நாள் தள்ளினா செப்டம்பர் 19, 20ல அடுத்த அமாவாசை. 22ஆம் தேதி மூணாம் பிறை. அது சாயங்காலம் தெரிஞ்சுட்டு எட்டரைக்குள்ள மறைஞ்சிருக்கும். ஒன்பது மணிக்கு மேல நிலாவே கிடையாது."

"ஹைகோர்ட்டு மேல கலங்கரை விளக்கு எரிஞ்சுதே, அந்த வெளிச்சமா இருக்கலாமே?"

"அது கடலுக்குக் காட்டுற விளக்கு தாத்தா. சந்துக்குள்ள முகம் தெரியுமா? குண்டு பட்டு எண்ணெய்த் தொட்டி பத்திக்கிட்டப்புறம்னா சரி. இவன் குண்டு விழறதுக்கு முன்னாலன்னு சொல்றானே."

பெரியவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "நவராத்திரி ஆரம்பிச்ச சமயம். சரிதான், வளர்பிறை திருதியை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நான் இன்னும் அந்தப் பக்கம் படிக்கலை தம்பி. ஆனா நீ சொல்றது நியாயமா இருக்கு. நாளைக்குப் பார்ப்போம்." பின்பக்கம் புரட்டி விடையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்கு ஒரு நாள் முழுக்க அதை நினைத்துக்கொண்டிருக்கக் கொடுத்தார்.

மறுநாள் அந்த அத்தியாயம் வரவில்லை. அதற்கும் அடுத்த நாள்தான் நாயகி பஞ்சாங்கத்தைப் புரட்டி, விரலை வைத்து அந்தத் தேதியைக் கண்டுபிடிக்கிறாள். மகன் சிரித்தான். கட்டுக்குக் கீழே கன்னம் மேலேறியதைப் பார்த்தேன்.

இந்த நாவலை எழுதியவருக்கும் நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அந்தக் கிரகணச் செய்தியை ஒரே வரியில், ஒரு அச்சுக்கூடத்தின் அன்றாட வேலைக்கு நடுவில் போட்டுவிட்டு, மேலே போய்விட்டார். கவனி, இது முக்கியம் என்று எங்கேயும் சொல்லவில்லை. வாசிக்கிற பிள்ளைக்கு மூளை இருக்கிறது என்று நம்பி எழுதியிருக்கிறார். இளையோருக்கு எழுதுகிறோம் என்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை விளக்கி, நடுநடுவே நீதி சொல்லும் புத்தகங்களை என் பிள்ளைகள் பாதியில் மூடிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். நம்பி விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த நம்பிக்கைதான் மகனைப் பேச வைத்தது.

சரித்திரத்திலும் அவர் கண்ணியமாக நடந்துகொண்டிருக்கிறார். எம்டன் கப்பலில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்று நம் ஊரில் பரம்பரையாகச் சொல்வார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இவர் நினைத்திருந்தால் அதை அப்படியே கதையில் ஏற்றி, வீரமாக முடித்திருக்கலாம். ஓடுகிற ஜனங்களின் வாயில் வதந்தியாக மட்டும் அதை வர விட்டிருக்கிறார். பின்னுரையில் எது நடந்தது, எது கற்பனை என்று பிரித்தும் சொல்லியிருக்கிறார்: நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள், பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தது, அதே கப்பல் நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பலிடம் அடிபட்டு முடிந்துபோனது, இதெல்லாம் நிஜம். அச்சுக்கூடமும் அந்தப் பெண்ணும் கற்பனை.

துறைமுகத்தைப் பற்றிய அத்தியாயம் எனக்குக் கொஞ்சம் நீளமாகப் பட்டது. மகனிடம் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சங்கிலி இழுபடும் சத்தம், சுங்கச்சாவடி மணி, படகுக்காரர்கள் கூப்பிடுவது என்று அந்த அத்தியாயம் முழுக்கக் காதால் கேட்பதாகவே இருந்ததாம். அந்த நிலையில் அவனுக்கு எது தேவைப்பட்டது என்பதை அவன்தானே சொல்ல முடியும்.

கிரகணத்தை அவன் அதோடு விடவில்லை. என்னை போனில் தேடச் சொன்னான். அதே கிரகணத்தைப் படம் பிடித்து, சூரியனுக்கு அருகில் வரும் வெளிச்சம் வளையும் என்ற ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்க எர்வின் ஃபிராய்ன்ட்லிக் என்ற ஜெர்மன் வானியலாளர் அப்போது ரஷ்யாவிடம் இருந்த கிரிமியாவுக்குப் போயிருக்கிறார். போர் மூண்டதும் ரஷ்யர்கள் அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். நான் படித்துக் காட்டியதும், "ஒரே போர்மா, அங்க டெலஸ்கோப்பைப் பிடுங்கினாங்க, இங்க குண்டு போட்டாங்க" என்றான். சரித்திரப் பாடத்தில் அவன் இதுவரை ஒரு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

கதை முடிய இன்னும் சில அத்தியாயங்கள் இருக்கும்போது பெரியவரின் தம்பியை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். கிளம்பும்போது அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். வேண்டாம் ஐயா, பேத்திக்கு வாங்கினதாச்சே என்றேன். "அவளுக்குக் கண்ணு நல்லா இருக்கு, காத்திருப்பா. மீதியை நீங்க படிங்கம்மா. சத்தமா, அவசரப்படாம படிக்கணும். அவன் குறுக்க பேசினா நிறுத்திக் கேளுங்க" என்றார். மகனுடைய கையை ஒரு தடவை ஸ்டிக் பிடிக்கிற மாதிரி மடக்கிவிட்டுப் போய்விட்டார். போன் நம்பர் வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது லிஃப்ட் மூடிவிட்டது.

மீதியை நான் படித்தேன். அவன் நிறையக் குறுக்கே பேசினான்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வார்டுக்குப் போய், கண்கட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். சிஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன், மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். உங்கள் வீடுகளில் பிள்ளைகள் படித்து முடித்த நல்ல துப்பறியும் கதைகள் இருந்தால் கொடுங்கள். வெயிலிலும் தூசியிலும் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், உயர் நீதிமன்றச் சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தில் இருக்கும் கல்வெட்டைப் பார்க்க மகனை அழைத்துப்போக வேண்டும். அது அவன் கேட்ட வரம்.

உங்களிடம் கடைசியாக ஓர் உதவி. நாற்பது வருடம் அச்சுக்கோத்தவர், நெற்றியில் எப்போதும் திருநீறு, தம்பியைக் கண்புரை அறுவைக்கு அழைத்து வந்து போனவர், எப்போதும் மஞ்சப்பை வைத்திருப்பார். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். பேத்தியின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் சேர்த்துக் கொடுப்பேன். மகனுக்கும் அவரிடம் பேச வேண்டியிருக்கிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில் பூட்டு விஷயத்தில் நாயகி ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டாளாம். என்னிடம் சொன்னால் புரியாது, தாத்தாவிடம்தான் சொல்வேன் என்கிறான்.

நன்றியுடன்,
அவன் அம்மா