எடைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு

வார்டு சிஸ்டர்களுக்கும், கிராமத்து நர்சம்மாக்களுக்கும், அங்கன்வாடி அக்காக்களுக்கும், பாட்டிமார்களுக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவின் வணக்கம்.

பிறந்தபோது 2.900 கிலோ, நான்காம் நாள் 2.670. அட்டையில் இதைப் பார்த்த வீட்டில் அன்று யாருக்கும் சோறு இறங்காது. குறைந்தது 230 கிராம், அதாவது 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. உடம்பில் தேங்கிய நீர் வடிவதாலும், கருமலம் போவதாலும், மூன்று நான்கு நாள் வரை எடை இறங்கத்தான் செய்யும். பிறகு தாய்க்குப் பால் நன்றாக ஊறி, நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறி, பத்துப் பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். இதைத் தாயிடம் தைரியமாகச் சொல்ல, அந்த இரண்டு எண்களையும் நாங்கள் நம்ப வேண்டுமே. நம்பும்படி எடுத்துக் கொடுத்தவர்கள் நீங்கள்.

சிஸ்டர்களே, மின்விசிறியை நிறுத்தி, தட்டில் துணி விரித்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே குழந்தையை வெற்றுடம்போடு கிடத்தினீர்கள். நனைந்த இடுப்புத்துணி ஒன்றே 20, 30 கிராம் இருக்கும். ஒரு நாள் வளர்ச்சி அதிலேயே மறைந்துபோகும். சிசேரியன் குழந்தைகளுக்கு 24 மணி நேர எடையையும் எழுதிவைத்ததற்குத் தனி நன்றி. தாய்க்கு ஏற்றிய குளுக்கோஸ், சலைன் நீர் குழந்தைக்கும் போய்ப் பிறந்த எடையைக் கூட்டிக் காட்டுவதுண்டு. அந்த எண்ணோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கும் பவுடர் பால் எழுதியிருப்போம்.

நர்சம்மா, பிள்ளை பிறந்த 3, 7, 14, 21, 28, 42 என்று நாள் தவறாமல் வீட்டுப் படியேறியதோடு, ஒரே தராசைச் சுமந்து போனீர்கள். ஆஸ்பத்திரித் தராசு ஒன்று சொல்லும், வீட்டுக்கு வரும் தராசு ஒன்று சொல்லும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் இல்லாத நோய் வரும். அங்கன்வாடியில் தொங்கும் ஊசித் தராசில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 100 கிராம் இடைவெளி. மாதாந்திர எடைக்கு அது போதும், முதல் வாரத்துக்கு உதவாது. இதைப் புரிந்துகொண்டு டிஜிட்டல் தராசு கேட்டு வாங்கிய அக்காக்களுக்கும் நன்றி.

எடை இறக்கம் 10 சதவீதத்தைத் தாண்டிய குழந்தைகளை அன்றே கூட்டிவந்தீர்கள். எண்ணை மட்டும் பார்த்தா வந்தீர்கள்? ஐந்தாம் நாளிலும் மலம் மஞ்சளாகவில்லை, 24 மணி நேரத்தில் ஆறு முறைகூடச் சிறுநீர் இல்லை, துணியில் செங்கல் நிறத் திட்டு, பாலுக்கு எழுப்பினாலும் எழாத தூக்கம். இத்தனையையும் சேர்த்துச் சொன்னீர்கள். இதைத் தள்ளிப்போட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறும், மஞ்சள் காமாலை முற்றும். பெரும்பாலும் கோளாறு பால் சுரப்பில் இல்லை, பிள்ளை வாய் வைக்கும் விதத்தில்தான். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்குப் புண், பிள்ளைக்குப் பசி. கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்கவைத்து, நாளுக்கு 8 முதல் 12 முறை கொடுக்கச் சொல்லி, இழுக்கத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டக் கற்றுக்கொடுத்து, மறுநாளே திரும்ப எடை பார்த்தீர்கள். மறுநாள் பார்த்ததுதான் பெரிது.

பாட்டிமார்களே, உங்களோடு எங்களுக்குச் சண்டையும் உண்டு. பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்க வேண்டும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டும், எடை பார்த்தால் கண்ணுபடும் என்றீர்கள். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிள்ளை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பை இழுக்காது, இழுக்காவிட்டால் பால் ஊறாது. இதைக் கேட்டதும் சேனையை நிறுத்தியவர்களுக்கு நன்றி. கண்ணுபடும் என்று பயந்தவர்கள், எடை பார்த்தபின் திருஷ்டி சுற்றிப் போட்டீர்கள். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவு ஊழியர்கள்

பி.கு.: காப்புப் போட்ட பிறகு வரும் எடைகளில் கவனம் வேண்டும். வெள்ளிக் கொலுசும் அரைஞாணும் சேர்ந்தால் இரண்டு நாள் வளர்ச்சி. கழற்ற வீட்டார் சம்மதிக்காதபோது, 28ஆம் நாள் கட்டத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘கொலுசோடு’ என்று எழுதி அனுப்பிய அக்கா யாராக இருந்தாலும், உங்களுக்கு ஒரு கும்பிடு.