மங்கு விழுந்த கதை

சேலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள நெட்டைக்கு,

பேத்தி பிறந்த செய்தியை இரண்டே வரியில் முடித்துவிட்டு, மகள் கன்னத்துக் கறுப்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு ஒரே ஒரு பருவுக்காக விடுதியையே எழுப்பியவள்தானே!

"நீ பூசிக்கொண்ட எண்ணெயின் பெயரை மட்டும் எழுது, போதும்" என்று கேட்டிருக்கிறாய். பெயர் குங்குமாதி தைலம். இதை எழுதி உறையை ஒட்டிவிடலாம். ஆனால் எண்ணெய்க்கு முன்னால் நான் அடித்த கூத்துகளைத் தெரிந்துகொள்ளாவிட்டால், அதையெல்லாம் உன் மகள் முகத்தில் நீ செய்து பார்த்துவிடுவாய். அதனால் பொறுமையாகப் படி.

எனக்கு மங்கு விழுந்து மூன்று வருடம் ஆகிறது. பெயருக்குத்தான் நான் ஆலையில் கணக்குப் பார்ப்பவள். பாதிப் பொழுது களத்தில்தான் நிற்பேன். சேகோ ஆலையின் களத்தை நீ பார்த்ததில்லை. சிமெண்டுத் தரை முழுக்க ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று பரப்பியிருக்கும். பதினோரு மணிக்கு மேல் அங்கே கண்ணைத் திறந்து பார்க்க முடியாது. வெயில் தலைக்கு மேலிருந்து மட்டுமா வருகிறது? தரையிலிருந்தும் எழும்பி முகவாய்க்கு அடியில் அடிக்கிறது. முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். முதலில் இடது கன்ன எலும்பின் மேல் தேநீர்க் கறை போல ஒரு நிழல். ஆறு மாதத்தில் வலது கன்னம், மூக்குத் தண்டு, மேலுதடு என்று இடம் பிடித்துக்கொண்டது. மேலுதட்டைப் பார்த்துவிட்டு, "அத்தைக்கு மீசை" என்றான் என் அண்ணன் பேரன். அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது.

நாத்தனார் எலுமிச்சம்பழம் என்றாள். பாதிப் பழத்தை அப்படியே கன்னத்தில் தேய்த்துக்கொண்டு களத்துக்குப் போய்விட்டேன். இரண்டாம் நாள் தோல் கன்றிச் சிவந்தது. சிவப்பு அடங்கியபோது பழைய கறுப்புக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கறுப்பு. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் அப்படித்தான் சுடுமாம், பிறகு தெரிந்தது. அடுத்தது மருந்துக்கடை. சீட்டு ஏதும் கேட்காமல் ஒரு டியூபை எடுத்து நீட்டினார்கள். மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது! ஆலையில் எல்லாரும் கேட்டார்கள், நானும் பெருமையாகப் பெயர் சொன்னேன், பாவி. நிறுத்திய பத்தாம் நாள் முகமெல்லாம் எரிச்சல், கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு, மங்கோ முன்பைவிட அடர்த்தி. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. டியூபில் பொடி எழுத்தில் அச்சிட்டுத்தான் இருந்தது. கண்ணாடி போட்டுப் படிக்காதது என் தப்பு.

அதற்குப் பிறகுதான் ஜங்ஷன் பக்கம் இருக்கும் ஓர் ஆயுர்வேத மருத்துவரிடம் போனேன். நம்மைவிடப் பத்து வயது சின்னவர். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தூக்கம், மாதவிலக்கு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "உங்களுக்கு அடிக்கடி கோபம் வருமா?" என்றார். "முகத்தில் கறை என்று வந்தால் குணத்தைப் பற்றி எதற்குக் கேட்கிறீர்கள்?" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரிக்காமல் ஏதோ குறித்துக்கொண்டார்.

இந்த மங்குக்கு ஆயுர்வேதத்தில் வியங்கம் என்று பெயராம். கோபத்தாலும் அலைச்சலாலும் வாதம் கெட்டு, பித்தத்தோடு சேர்ந்து முகத்துக்கு ஏறி, வலியில்லாத மெல்லிய கரும்படலமாக நிற்கும் என்று சுசுருத சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் இருக்கிறதாம். தோலுக்கு நிறம் கொடுப்பது பிராஜக பித்தம். வியங்கம் அதில் வரும் கோளாறு. இதுவே முகம் தவிர உடம்பில் வேறு இடத்தில் வந்தால் நீலிகா என்கிறார்களாம். எல்லாம் 'சிறு நோய்கள்' என்ற பகுதியில் இருக்கிறது என்றார். மீசை முளைத்தது அவர் முகத்தில் இல்லையே, சொல்லலாம். எனக்கு இன்னொரு வழக்கும் உண்டு. கோபம்தான் காரணம் என்றால், காலையிலிருந்து மாலைவரை தொண்டை கிழியக் கத்தும் எங்கள் களத்து மேஸ்திரிக்கு ஏன் ஒரு புள்ளிகூட இல்லை? கேட்டேன். இது பெண்களுக்குத்தான் அதிகம், கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் தூண்டிவிடும், வெயில் வளர்க்கும் என்றார். அவர் எழுதிக்கொடுத்த சீட்டில் முதல் வரி என்ன தெரியுமா? குடை. இரண்டாவது வரி, சாயம் கலந்த சன்ஸ்கிரீன். எண்ணெய் நான்காவது வரியில்தான் வந்தது.

மூன்றாவது, இரத்தப் பரிசோதனை. தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளுக்குக் கொடுத்தார். மஞ்சிட்டி வேர் சேர்ந்த கஷாயம். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு! இரவில் தைலம் மூன்று சொட்டு. குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி, அதிமதுரம் எல்லாம் போட்டு நல்லெண்ணெயிலும் ஆட்டுப்பாலிலும் காய்ச்சுவது. குங்குமப்பூ விற்கிற விலைக்கு, கைக்கு அடக்கமான விலையில் பெரிய பாட்டில் கிடைக்கிறது என்றால் அதில் என்ன இருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். எண்ணெய் வழியும் முகத்துக்கு இது பருவைக் கொண்டுவரும். உன் மகளுக்கு உன் தோல்தான், ஜாக்கிரதை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் பழைய சந்தனக் கல்லில் ஜாதிக்காயைப் பால் விட்டு இழைப்பேன். நாலைந்து சுற்று வெறும் வழவழப்புதான். பிறகு கல் பிடித்துக்கொள்ளும், வெண்மையில் பழுப்பு கோடு கோடாக இறங்கும், வீடெல்லாம் வாசனை. அதனால் மங்கு குறைந்ததா என்று கேட்காதே. அந்தக் கால் மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. எனக்கு அது போதும்.

நான்கு மாதத்தில் கொஞ்சம் வெளிறியது. அந்தத் தைரியத்தில் கொழுந்தனார் வேலை பார்க்கும் காப்பித் தோட்டத்துக்கு, ஏற்காட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரே மூட்டம், குளிர். இங்கே எங்கிருந்து வெயில் என்று குடையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். நான்கு நாள். திரும்பி வந்து கண்ணாடியைப் பார்த்தால் பழைய மீசை! ஐயாயிரம் அடி உயரத்தில் கதிர் கீழே இருப்பதைவிடக் கடுமை, மூட்டம் அதை முழுசாகத் தடுப்பதில்லை என்று மருத்துவர் சொன்னார். இந்தத் தடவை அவர் சிரித்துவிட்டார்.

ஆனால் அந்தப் பயணத்தில் ஒரு லாபம். தோட்டத்து வேலி ஓரம் என் சேலையை ஏதோ பிடித்து இழுத்தது. மெல்லிய கொடி, தண்டு உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக, பட்டை ஓரமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள். கணுவுக்குக் கணு நான்கு நான்கு இலை. காப்பி பறிக்கும் கிழவி ஒருத்தி அடியில் கிளறி வேரைச் சுரண்டிக் காட்டினாள், செக்கச் செவேரென்று இருந்தது. மஞ்சிட்டி! நான்கு மாதமாகக் குடித்த கசப்பை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். துணிக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய வேர் இது. இதைத் தேனில் குழைத்து வியங்கத்துக்குப் பூசச் சொல்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற இன்னொரு பழைய நூல், இல்லையென்றால் மருதம்பட்டையை. பிடுங்கிக் கொண்டுவரலாமா என்று கை பரபரத்தது. கிழவி முறைத்தாள், விட்டுவிட்டேன்.

உன் மகள் விஷயம். பிள்ளை பெற்ற முகத்தில் வந்த மங்கு பலருக்குச் சில மாதங்களில் தானாகவே வெளுத்துவிடும். பால் கொடுக்கிறாள், அதனால் உள்ளுக்கு எதுவும் வேண்டாம், கஷாயமாகவே இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதே. துணி காயப்போட மாடிக்கு அனுப்பும்போது குடையோடு அனுப்பு. கார்போக அரிசி நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்றாயே, கிட்டவே போகாதே. அது வெண்புள்ளிக்குக் கொடுப்பது. வெயிலோடு சேர்ந்து தோலைக் கறுக்க வைப்பதுதான் அதன் வேலை.

கடைசியில் பின்குறிப்பாக, மகனுக்குக் கழுத்து கறுத்துத் தடித்திருக்கிறது, பயத்தமாவு போட்டுத் தேய்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். உன் கடிதத்திலேயே என்னைக் கவலைப்பட வைத்தது அந்தப் பின்குறிப்புதான். அது அழுக்கு இல்லை, நெட்டை. உடம்பு பருத்த பிள்ளைக்கு அப்படி வந்தால், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். தேய்ப்பதை நிறுத்திவிட்டு இந்த வாரமே சர்க்கரை பார்த்துவிடு. முடிவை எனக்கு எழுது.

என் முகம் இப்போது எப்படி என்றால், பாதி போயிருக்கிறது, மீசை போய்விட்டது, இடது கன்னத்துத் தேநீர்க் கறை மட்டும் இருக்கிறது. கோபமும் இருக்கிறது.

பேத்திக்கு வெள்ளிக் கொலுசு எடுக்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தேன். அளவு கேட்டார்கள், விழித்தேன். கணுக்காலில் நூலைச் சுற்றி, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, அந்த நூலை அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு. குழந்தை வளர்ந்துவிடும், கொஞ்சம் தாராளமாகவே சுற்று.

உன்
குட்டை