லட்சுமிகாந்தன் இதழுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். துப்புத் துலங்காத பழைய கொலை வழக்குகளுக்கென்றே தமிழில் ஒரு காலாண்டிதழ் கொண்டுவரப் போகிறோம் என்று சொன்னபோது, "துப்பறியும் நாவலா?" என்று கேட்டார்கள். இல்லையென்றதும், "அப்போ யார் வாங்குவாங்க?" என்றார்கள். முதல் இதழ் இப்போது மறு அச்சுக்குப் போயிருக்கிறது. வாங்கியது யார் என்று இனி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த இதழ் உருவாகக் காரணமானவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஆளைச் சொல்லாமல் செய்ததை மட்டும் சொல்கிறோம்.

முதல் வழக்காக லட்சுமிகாந்தன் கொலையை எடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் இதைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் பெரும்பாலோருக்கு அது, அந்த வழக்கில் கைதான நடிகர்கள் தியாகராஜ பாகவதர் கதையாகவும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் கதையாகவும்தான் தெரியும். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளி கண்டது, அந்தப் படத்தின் நாயகன் பாகவதர் அதே காலத்தில் சிறைக்குள் இருந்தார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். 1944 நவம்பர் 8ஆம் தேதி, வேப்பேரி பக்கம், வழக்கறிஞர் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த மஞ்சள் பத்திரிகைக்காரர் சி.என்.லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தார். குத்தியது யார் என்பதற்குச் சட்டப்படி நிலைத்து நிற்கும் பதில் இன்றுவரை இல்லை. எங்களை இழுத்தது இந்தப் பகுதிதான்.

பழைய பத்திரிகைகளைப் புரட்ட உதவிய நூலகப் பணியாளர்களுக்கு முதல் நன்றி. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இருப்பவர்கள் இல்லையென்றால் இந்த மாதிரி ஓர் இதழை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எண்பது வருஷத்துக் காகிதம் விரல் பட்டாலே உதிர்கிறது. அதைப் புரட்டத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே நின்று புரட்டிக் காட்டினார்கள். கேட்ட கட்டைக் கொடுத்ததோடு நிற்காமல், "இதையும் பாருங்க" என்று கேட்காத கட்டையும் எடுத்து வைத்தவர்களை என்ன சொல்ல!

அடுத்து, ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஐயா. அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. 'லண்டன் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் விடுதலை செய்தது' என்று பலரும் எழுதியும் பேசியும் வருகிறார்கள். ஐயா எங்களை உட்காரவைத்து, தாள் தாளாக நடந்ததை வரிசைப்படுத்திக் கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரிகளோடு நடந்த விசாரணை 1945 மே மாதம் முடிந்தது. பெரும்பான்மை ஜூரிகள் குற்றவாளிகள் என்றார்கள். இருவருக்கும் ஆயுள் தண்டனை. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு மட்டும் விடுவிக்கப்பட்டார். அவருக்காக வாதாட பம்பாயிலிருந்து வந்தவர் கே.எம்.முன்ஷி. தண்டனை பெற்றவர்களின் மேல்முறையீடு அதே ஆண்டு சென்னையில் தள்ளுபடியானது. அப்புறம்தான் லண்டன். பிரிவி கவுன்சில் யாரையும் விடுதலை செய்யவில்லை. மேல்முறையீட்டை மறுபடி கேளுங்கள் என்று சென்னைக்கே திருப்பி அனுப்பியது. விடுதலைத் தீர்ப்பு வந்தது 1947 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தில்.

இந்த வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால், ஒரே நீதிமன்றம் ஒரே சாட்சியங்களை ஒரு முறை நம்பியது, மறு முறை நம்பவில்லை. வழக்கின் மர்மமே அங்கேதான் இருக்கிறது என்பார் ஐயா. இதழில் வந்த அந்த ஆறு பக்கக் கட்டுரையை வாசகர்கள் பாராட்டிய பாராட்டெல்லாம் அவருக்கே சேரும். சன்மானம் கொடுக்கப் போனபோது, "இரண்டு இதழ் கூடுதலா குடுங்க, போதும்" என்றார். கொடுத்துவிட்டோம்.

வேப்பேரி, புரசைவாக்கம் தெருக்களின் அந்தக்கால வரைபடத்தை வரைந்து தந்த கட்டடக்கலை மாணவிக்கும் நன்றி. அட்டையில் கத்தியும் ரத்தமும் போட்டால் கடையில் கண்ணில் படும் என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். இந்தப் பெண்ணின் வரைபடத்தைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சே எழவில்லை. அட்டையில் அதுதான் வந்தது. நன்றாகவே கண்ணில் பட்டது.

புரசைவாக்கத்து அம்மா ஒருவர், தன் சின்ன வயசு ஞாபகத்தைப் பேத்தியிடம் சொல்லி எழுதி அனுப்பவைத்தார். அவருடைய அப்பா லட்சுமிகாந்தனின் 'இந்து நேசன்' பத்திரிகையை வாங்கிவந்து நாளிதழுக்குள் மறைத்துவைத்துப் படிப்பாராம். வீட்டில் யார் கேட்டாலும் "அந்தக் குப்பையை யார் படிப்பா?" என்பாராம். லட்சுமிகாந்தன் நல்லவர் என்று நாங்கள் சொல்லவில்லை. முன்பு ஆவண மோசடிக்காகச் சிறை போனவர். 'சினிமா தூது' பத்திரிகையில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்தவர். பாகவதர், கிருஷ்ணன், ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக்கொடுத்து அதன் உரிமத்தை ரத்து செய்யவைத்தார்கள். லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற பெயரில் மறுபடி கடை விரித்தார். சரி, அவர் விற்றார். வாங்கினது யார்? அந்த அம்மாவின் கடிதத்தை இதழின் நடுப்பக்கத்தில் போட்டதற்கு அதுதான் காரணம். மஞ்சள் பத்திரிகை பற்றி நாங்கள் எழுதிவைத்திருந்த நீளமான கட்டுரையை அதற்காக எடுத்துவிட்டோம். யாருக்கும் நஷ்டமில்லை.

கோபமாக எழுதியவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பாகவதர் ரசிகர் ஒருவர், "அந்த மனுஷன் பட்டது போதாதா, ஏன் மறுபடி தோண்டுகிறீர்கள்?" என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். நியாயமான வருத்தம். சிறையிலிருந்து வந்தபின் பாகவதருக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. 1959இல் ஐம்பது வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். கலைவாணர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே போய்விட்டார். ஆனால் நீதிமன்றம் விடுவித்த ஒருவரைப் பற்றி வழக்கின் முழு வரலாற்றையும் எழுதுவது அவருக்குச் செய்யும் தீங்கு என்று நாங்கள் நினைக்கவில்லை. பாதிக் கதைதான் அவருக்கு அதிகம் தீங்கு செய்திருக்கிறது. அந்த ரசிகர் இப்போது சந்தா கட்டியிருக்கிறார். இரண்டாம் கடிதமும் கோபமாகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றரைப் பக்கம்தான்.

எல்லாக் கடிதங்களிலும் எங்களை அதிகம் யோசிக்கவைத்தது மதுரையிலிருந்து வந்த ஓர் அஞ்சலட்டை. "இதழ் முழுக்க பாகவதர் படம் ஒன்பது, கலைவாணர் படம் ஐந்து. செத்தவர் படம் எங்கே?" அவ்வளவுதான். பெயர்கூட ஒழுங்காகப் படிக்க முடியவில்லை. ஒரு கொலை வழக்கைக் கொல்லப்பட்டவரை விட்டுவிட்டே எண்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். அவர் நமக்குப் பிடிக்காத ஆள் என்பதால் யாருக்கும் அது உறுத்தவில்லை. அந்த அஞ்சலட்டைக்காரர் யாராக இருந்தாலும், இதழின் வேலை என்ன என்பதை எங்களைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். லட்சுமிகாந்தனின் படமோ, 'சினிமா தூது', 'இந்து நேசன்' பிரதிகளோ யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். பரணில் கிடந்தாலும் சரி, கிழிந்திருந்தாலும் சரி, நாங்களே வந்து நகல் எடுத்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம்.

லண்டனில் வசிக்கும் வாசகி ஒருவர், 1888இல் 'ஜாக் தி ரிப்பர்' செய்ததாகச் சொல்லப்படும் வைட்சேப்பல் கொலைகள் நடந்த இடங்களை நடந்தே பார்த்துப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கேத்தரின் எட்டோஸ் கொல்லப்பட்ட மைட்டர் சதுக்கமும், சுவரில் இருந்த சாக்கட்டி எழுத்தைப் படம் எடுக்குமுன்பே போலீஸ் கமிஷனர் சார்லஸ் வாரன் அழிக்கச் சொன்ன கோல்ஸ்டன் தெருவும் அவற்றில் உண்டு. அவை மூன்றாம் இதழுக்கு. அவருக்கும், கிராம நூலகங்களுக்காகச் சேர்த்துச் சந்தா கட்டிய நண்பர்களுக்கும், தாள் விலை ஏறியபின்னும் பேசிய தொகையிலேயே அடித்துக்கொடுத்த அச்சக அண்ணனுக்கும் நன்றி.

இரண்டாம் இதழ் 1919இல் தேனாம்பேட்டை நியூயிங்டன் கல்லூரியில் நடந்த கொலை. ஜமீன் பிள்ளைகள் படித்த இடம் அது. முதல்வர் டி லா ஹே இரவில் படுக்கையிலேயே சுடப்பட்டார். கடம்பூர் ஜமீன் வாரிசு குற்றம் சாட்டப்பட்டு, சிங்கம்பட்டி வாரிசு அப்ரூவராகி (அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி), விசாரணை பம்பாய்க்குப் போய், கடைசியில் விடுதலையில் முடிந்தது. அந்த வழக்குச் செலவில் ஏறிய கடனால்தான் 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,000 ஏக்கருக்கு மேல் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது, மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் வந்தது என்று திருநெல்வேலிப் பக்கம் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குக் கணக்குப் புத்தகமோ கடிதமோ ஆதாரமாக இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, கடம்பூர் வாசகர்களே, அடுத்த நன்றி மடல் உங்களுக்குத்தான். வீட்டுப் பழைய பெட்டிகளைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஆகஸ்ட் கடைசிக்குள் வந்தால் இதழில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர் குழு