ஒன்றும் தெரியாத நைஸ்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொள். எனக்கு அதே பழைய முட்டி வலிதான்.

போன வாரம் பேத்தி இங்கிலீஷ் கட்டுரை நோட்டோடு வந்தாள். ஒரே பக்கத்தில் ஐந்து ‘நைஸ்’. ஐந்துக்கும் டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். “இதுல என்ன தப்பு தாத்தா?” என்றாள். அகராதியை எடுத்தவன் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மூலம் லத்தீன் ‘நெஸ்கியுஸ்’. ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கிரே’ என்றால் அறிதல். ஆக, ஒன்றும் தெரியாதவன்! சயின்ஸ் பிறந்ததும் அதே ‘ஸ்கிரே’யில்தான். 1300ஐ ஒட்டி பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது ஒருவனை நைஸ் என்றால் முட்டாள் என்று திட்டுவதாக அர்த்தம். அப்புறம் கூச்சம், நறுவிசு, நுணுக்கம் என்று நகர்ந்து, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமை’க்கு வந்திருக்கிறது. வந்ததும் எல்லோர் வாயிலும் அதுதான். ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’யில், ஒரு புத்தகத்தை நைஸ் என்று புகழும் பெண்ணை, எதற்கெடுத்தாலும் இந்தச் சொல்தானா என்று ஹென்றி டில்னி கிண்டல் செய்வான். 1817 கடைசியில் வந்த நாவல். பேத்தியின் டீச்சருக்கு அவன்தான் முன்னோடி.

முட்டாள்தனம் எப்படி மென்மையாகும் என்று முதலில் பிடிபடவில்லை. பிறகுதான் நம் ‘அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு’ நினைவுக்கு வந்தது. மடம் என்றால் அறியாமை. அதையே பெண்ணுக்கு அழகென்று அடுக்கி வைத்தோமே! எனக்கு அந்தப் பட்டியல் என்றைக்கும் பிடித்ததில்லை, அது வேறு விஷயம்.

நம் வீட்டு நைஸ் இன்னும் வேடிக்கை. “மாவை நைசா அரைடி” என்பாள் அம்மா. அந்த ‘நுணுக்கம்’ அவள் ஆட்டுக்கல்லில் பத்திரமாக இருந்திருக்கிறது. ஆனால் ‘நைசா நழுவிட்டான்’ எந்த இங்கிலீஷ்காரனுக்கும் புரியாது. நைச்சியமாகப் பேசுவது என்கிறோமே, அதன் சாயலும் இதில் ஒட்டிக்கொண்டதோ என்பது என் ஊகம். ஒன்றும் தெரியாதவனாகக் கிளம்பிய சொல், நம்மிடம் வந்து எல்லாம் தெரிந்த கில்லாடியாகிவிட்டது.

1984ல் என் சிறுகதைத் தொகுப்பை ‘ரெண்டு நாள்ல தர்றேன்’ என்று நைசாக வாங்கிப் போனாயே, கண் தெளிந்ததும் உன் அலமாரியில் கொஞ்சம் தேடிப் பார்.

அன்புடன்,
சுந்தரம்