பிரிக்காத பெட்டியும் பார்க்காத பொம்மையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சேகரிப்போருக்கான ஃபேஷன் பொம்மைகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். பெரியவர்கள் பொம்மை வாங்குவதைக் கேலி செய்யாமல் முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால், ஒரு பொம்மையின் தரத்தைச் சொல்வதற்கு அக்கட்டுரை கைக்கொண்ட அளவுகோல்கள், அதாவது எத்தனை பொம்மைகள் வெளியாயின, பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கிறதா, ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்ற மூன்றுமே, பொம்மைக்கு வெளியே இருப்பவை. முகம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது, உடை எப்படித் தைக்கப்பட்டிருக்கிறது, கைகால்கள் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பழைய பொம்மைகளைச் சேகரிப்பதோடு, அவற்றுக்கு உடை தைத்தும் தருகிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 2010-இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 3,02,500 டாலருக்கு விற்ற பார்பியின் கழுத்தில், நகை வடிவமைப்பாளர் ஸ்டெஃபானோ கான்டூரி செய்த இளஞ்சிவப்பு வைர அட்டிகை இருந்தது. விற்ற தொகை மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போனது. வைரத்துக்கும் நன்கொடைக்கும் கொடுக்கப்பட்ட அந்தத் தொகையை ஒரு பொம்மையின் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

மதிப்பீட்டை முகத்திலிருந்து தொடங்குவதே முறை. 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் மேட்டல் நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் பார்பி பதினொன்றரை அங்குல உயரமும் 3 டாலர் விலையும் கொண்டது. வளைந்து ஏறிய புருவமும், நிறமில்லாத வெள்ளை விழியும், ஓரப் பார்வையும் உடைய அந்த முகத்துக்கு ஜப்பானில் கையால் வண்ணம் தீட்டினார்கள். அதனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பொம்மைகளுக்கும் முகக்களை சற்றே வேறுபடும். பின்னர், சிலிக்கோன் திண்டால் வண்ணத்தை எடுத்து முகத்தில் ஒற்றும் அச்சு முறை வந்தது. நிறத்துக்கு ஓர் ஒற்று என்ற கணக்கில் நடக்கும் இந்த வேலையில், ஏதேனும் ஒன்று அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும், ஆறில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட முகத்தில் அது நம் முகத்தில் மூன்று மில்லிமீட்டர் விலகியதற்குச் சமம். உதட்டுச் சாயம் உதட்டை விட்டு இறங்கிவிடும். ஒரு கண் நம்மைப் பார்க்க, மற்றது சுவரைப் பார்க்கும். ஓரப் பார்வை இந்தப் பிசகை ஓரளவு மறைத்துவிடும், நேர்ப்பார்வை மறைக்காது. எனவே நேராகப் பார்க்கும் ஒரு பொம்மையின் கண்கள் இரண்டும் ஒரே இடத்தில் நிலைத்திருந்தால், அதன் தயாரிப்பாளருக்கு நான் தாராளமாக மதிப்பெண் கொடுப்பேன். அண்மைக்காலத்தில் விளையாட்டுக்கென்று வரும் மலிவு வகைகளில் முகத்தைக் கணினி வழியாக அச்சிடுகிறார்கள். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் புருவம் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. சேகரிப்புக்கென்று கூடுதல் விலை சொல்லும் பொம்மையில் அந்தப் புள்ளிகள் இருக்குமானால் வாங்குபவர் கேள்வி கேட்க வேண்டும்.

கூந்தலில் பார்க்க வேண்டியவை இரண்டே. ஒன்று இழை: சரான் இழை வழவழப்பாகக் கனமாக விழும், கானெகலான் மென்மையாக இருக்கும், பாலிப்ரோப்பிலீன் மங்கலாகி விரைவில் சிக்கு விழும். மற்றொன்று நடவு, அதாவது மண்டையில் இழைகளை நட்டிருக்கும் நெருக்கம்: வகிட்டைப் பிரித்தால் மண்டை வெளுப்பாகத் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

உடையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. பார்பியின் முதல் உடைகளை வடிவமைத்த சார்லட் ஜான்சன் ஜப்பானுக்கே சென்று தங்கி, அங்குள்ள தையற்காரர்களைக் கொண்டு அவற்றை உருவாக்கினார். உள்ளே லைனிங், உண்மையாகவே திறந்து மூடும் குட்டி ஜிப், காஜாவுக்குள் நுழையும் பொத்தான் என்று அந்த உடைகள் இன்றைக்கும் தையல் தெரிந்தவர்களை நிமிர்ந்து உட்கார வைப்பவை. இந்த அளவில் தைப்பதில் உள்ள இடர்ப்பாடு என்னவென்றால், பொம்மையை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கலாம், துணியின் கனத்தையும் அது விழும் பாங்கையும் அப்படிச் சுருக்க முடியாது. இந்தியச் சந்தைக்கென்று வந்த சேலை கட்டிய பொம்மைகளில் இது பளிச்சென்று தெரியும். நான்கு அங்குலக் கரை என்றால் பொம்மையில் முக்கால் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் ஜரிகை நாடாவை அப்படியே வைத்துத் தைத்துவிடுவதால் கரை முழங்கால்வரை ஏறிவிடுகிறது. கொசுவத்தை மடிப்பு மடிப்பாக இடுப்பில் செருகினால் வயிறு உப்பித் தெரியும். அதைத் தவிர்க்க, நல்ல தையற்காரர் இடுப்புக்குள் போகும் பகுதியின் துணியை வெட்டிக் குறைத்து, மடிப்புகளை ஒரு மெல்லிய பட்டியில் பிடித்துத் தைப்பார். என் மேசையில் இப்போது இருக்கும் ஒரு சேலைப் பொம்மையைத் திருப்பிப் பார்க்கிறேன். முந்தானை அழகாகத் தோளில் படிந்திருக்கிறது. ஆனால் ரவிக்கையின் முதுகில் அகலமான வெல்குரோ பட்டை ஒன்று. அதன் முட்கள் முந்தானையின் இழைகளை இழுத்துப் பிசிறாக்கியிருக்கின்றன, கூந்தலின் நுனியும் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் இரண்டு சிறு பிரஸ் பட்டன்கள் வைத்திருந்தால் எவ்வளவோ மேல். பட்டுப்புடவையின் பின்பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் வாங்காத நம் ஊர்ப் பெண்கள், பொம்மை உடையை மட்டும் முன்பக்கம் பார்த்தே தீர்ப்புச் சொல்வது எனக்கு விந்தையாகவே இருக்கிறது.

உடலின் கட்டுமானத்தைப் பொறுத்தவரை, மூட்டுகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு உயர்ந்த பொம்மை என்று அக்கட்டுரையில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மேட்டல் வெளியிடும் மேட் டு மூவ் பார்பிக்கு 22 மூட்டுகள் உண்டு. உட்காரவும் சம்மணமிடவும் அதனால் முடியும், புகைப்படம் எடுப்பவர்களுக்கு அது வரம். ஆனால் 2000-இல் வெளிவரத் தொடங்கிய, ராபர்ட் பெஸ்ட் வடிவமைத்த சில்க்ஸ்டோன் பார்பியின் தொடக்ககால உடலுக்கு முழங்கையே மடங்காது. பீங்கானைப் போன்ற கனமும் குளுமையும் உள்ள அந்த உடல், கையில்லாத மாலைநேர கவுனை அணிந்து நிற்கும்போது தோளிலிருந்து விரல்வரை ஒரே கோடாக இறங்கும் அழகை, இடையில் மூட்டுக் கோடு விழுந்த எந்தக் கையும் தருவதில்லை. நிற்பதற்கென்று செய்ததை நடக்கவில்லை என்று குறை சொல்லக் கூடாது. மாறாக, மூட்டுகள் இருக்கின்றன என்று விளம்பரப்படுத்திய பொம்மை வைத்த நிலையில் நிற்காமல் தளர்ந்து விழுந்தால் அதை ஒளிக்காமல் எழுத வேண்டும். 2009-இல் மிஷல் ஒபாமா பதவியேற்பு விழா நடனத்துக்கு அணிந்த கவுனை வடிவமைத்த ஜேசன் வூ, பதின்ம வயதிலேயே இன்டெக்ரிட்டி டாய்ஸ் நிறுவனத்துக்குப் பொம்மை வடிவமைக்கத் தொடங்கியவர். அவருடைய ஃபேஷன் ராயல்டி வரிசை மூட்டுகளையும் உடலின் ஓட்டத்தையும் ஒருங்கே காப்பாற்ற முயன்றது. எந்த நிறுவனத்தின் பொம்மையானாலும், தலை மென்மையான வினைலிலும் உடல் கெட்டியான பிளாஸ்டிக்கிலும் செய்யப்பட்டிருந்தால், கழுத்துக்கு மேலும் கீழும் நிறம் ஒத்துப்போகிறதா என்பதைப் பகல் வெளிச்சத்தில்தான் சரிபார்க்க வேண்டும். கடை விளக்கு அந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

இனி, பிரிக்காத பெட்டி. பெட்டிக்குள் இருக்கும்வரை பொம்மை புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கை தவறானது. 1960-களின் பார்பிகளுக்குக் காதில் குத்திய தோட்டின் செம்பு, வினைலோடு ஒட்டியிருந்து களிம்பேறி, கன்னம்வரை பச்சையாகப் படர்ந்ததைச் சேகரிப்பவர்கள் அனைவரும் அறிவர். (முகப்பருக் களிம்பைத் தடவி வெயிலில் வைத்து அந்தக் கறையை வெளுக்கச் செய்பவர்களும் இருக்கிறார்கள், அளவு மீறினால் பச்சை போய் வெள்ளைத் திட்டு வந்துவிடும்.) அடர் நிறத் துணியின் சாயம் காலில் இறங்குவதும், கூந்தலைக் கட்டிய ரப்பர் வளையம் இளகி இழைகளோடு ஒட்டிக்கொள்வதும், அட்டையோடு பிணைப்பதற்காகப் பின்மண்டையில் குத்திய பிளாஸ்டிக் முள் துளையை அகலமாக்குவதும் மூடிய பெட்டிக்குள்ளேயே நடப்பவை. நம் ஊர்ப் பரணின் வெக்கையில் இவை இன்னும் விரைவாக நடக்கின்றன. பிரித்தால் மறுவிற்பனை விலை குறையும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாரும் பிரிக்கவே போவதில்லை என்று தெரிந்த தயாரிப்பாளர், பெட்டியின் கண்ணாடித்தாள் வழியே தெரியும் முன்பக்கத்துக்கு மட்டும் செலவு செய்தால் அவரைக் கேட்பார் யார்? கவுனின் முன்பக்கத்தில் மணி கோத்து, பின்பக்கத்தை ஓரம்கூட அடிக்காமல் விட்ட உடைகளை நான் பலமுறை பிரித்துத் திருத்தித் தைத்திருக்கிறேன்.

ஆகவே, தங்கள் இணைப்பிதழில் இந்தப் பொருளில் மேலும் கட்டுரைகள் வருமானால், பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்து எழுதுமாறு கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். நிறுவனம் அனுப்பும் விளம்பரப் படத்துக்குப் பதிலாக, முகத்தை நேராகவும் நெருக்கமாகவும் காட்டும் படம் ஒன்று, உடையைக் கழற்றி உட்புறம் திருப்பி எடுத்த படம் ஒன்று, பொம்மையின் முதுகுப்பக்கப் படம் ஒன்று என மூன்றை வெளியிட்டால், வாங்கலாமா வேண்டாமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி ஒருவர்,
கோயம்புத்தூர்.