சிம்சன் பட்டறைத் தச்சர்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை. நீ விமானங்களைப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் ஆளாளுக்குத் தங்கள் ஊரின் விமான முன்னோடிகளைப் பற்றிப் பேசினார்களாம். உன் முறை வந்தபோது சொல்ல ஒரு பெயரும் இல்லாமல் நின்றாயாம். "நம் ஊரில் யாருமே இல்லையா அப்பா?" என்றாய். பல்லாவரத்து மொட்டைமாடியில் நின்று, மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களை விரல்விட்டு எண்ணி வளர்ந்தவள் நீ. உனக்கு இதையெல்லாம் சொல்லித் தராமல் விட்டது என் பிழைதான்.

இருக்கிறார்கள், அம்மா. அதுவும் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே.

1909 ஜூலையில் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார். மறு ஆண்டு மார்ச் மாதம் சென்னையில் ஒரு விமானம் பறந்தது. கப்பலில் வந்து இறங்கியது அல்ல, இங்கேயே செய்தது. மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தானே அதற்கு வடிவம் வகுத்து, சிம்சன் கம்பெனியில் கொடுத்துச் செய்யவைத்தார். குதிரைசக்தி குறைந்த சின்ன இன்ஜின். முதலில் நம் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு தீவுத்திடலில் பொதுமக்கள் முன்னிலையில் பறந்து காட்டினார்.

அலகாபாத்தில் விமானம் பறந்தது அந்த ஆண்டுக் கடைசியில்தான். 1911 பிப்ரவரி 18 அன்று அங்கிருந்து நைனிக்குக் கடிதங்களைச் சுமந்து பறந்த விமானத்தை உலகமே நினைவில் வைத்திருக்கிறது. முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் என்பதால் அந்தப் பெருமை தகும். ஆனால் நான் தினமும் காலையில் நடக்கும் வழியில் டி ஏஞ்சலிஸின் பெயர் சொல்ல ஒரு கல்கூட இல்லை. அது எனக்கு ஆறவில்லை.

அதைவிட ஆறாதது ஒன்று உண்டு. அந்த விமானத்தைச் செய்த கைகள் யாருடையவை? சிம்சன் அன்று வண்டி கட்டுவதில் பேர்போன பட்டறை. தச்சர், கொல்லர், மெத்தை தைப்பவர், சாயம் பூசுபவர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்த இடம். முப்பது வருடம் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டியவன் நான். அதனால் அந்த வேலையை என்னால் கண்ணெதிரே பார்க்க முடிகிறது. அந்தக் காலத்து விமானம் என்றால் மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, சட்டம் கோணாமல் நிற்கக் குறுக்கே முறுக்கிய கம்பி, அவ்வளவுதான். வண்டி கட்டுகிறவனுக்குச் சந்தேகம் வந்தால் இன்னொரு கட்டையை வைத்து அடித்துவிடுவான். பலம் என்பது அவனுக்குக் கனம்தான். விமானத்துக்கு வேண்டியதோ நேர்மாறு. சின்ன இன்ஜின் தூக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு சட்டத்தையும் இழைத்து இழைத்து மெலிதாக்க வேண்டும், ஆனாலும் முறியக் கூடாது. இழைப்புளியை இன்னும் ஒரு முறை ஓட்டலாமா, போதுமா என்று அந்தத் தச்சர் விரல் கணுவால் மரத்தைத் தட்டிச் சத்தம் கேட்டிருப்பார். கையில் அளவுக் கடுதாசி இருந்திருக்கலாம். முன்னால் செய்தவர் எவரும் பக்கத்தில் இல்லை. வாழ்நாளெல்லாம் பழகிய கைப்பழக்கத்தைத் திருப்பிப் போட்டு வேலை செய்திருக்கிறார்கள். நீ இரவு முழுக்க விளக்கும் கண்ணாடியும் வைத்து ஒரு விரிசல் தேடுகிறாயே, அந்த வேலைக்கு மூத்தவர்கள் இவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொருவரையும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உஷா சுந்தரம், 1924இல் பிறந்தவர். கணவர் வி. சுந்தரம் விமானி. பெங்களூர் ஜக்கூரில் 1948இல் தொடங்கிய அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்து, மறு ஆண்டே தேறி வெளியே வந்தார். சென்னை அரசு இங்கிலாந்தில் ஒரு டி ஹாவிலாண்ட் டவ் விமானம் வாங்கியபோது, அதைக் கொண்டுவரும் பொறுப்பு இந்தத் தம்பதியிடம் வந்தது. கப்பலில் போனார்கள், விமானத்தில் திரும்பினார்கள். 1951இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரம்! அப்போது அவருக்கு உன் வயதுதான் இருக்கும். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கையை அப்படியே நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை படியுங்கள்" என்றாள்.

1932 அக்டோபரில் தொடங்கிய டாடா விமானத் தபாலும் கராச்சியில் கிளம்பிச் சென்னையில்தான் முடிந்தது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டியவர் ஜே. ஆர். டி. டாடா. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். டாடாவை எல்லாரும் சொல்வார்கள், நீ வின்சென்ட்டையும் சேர்த்துச் சொல். குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அதை 1949இல் நிறுவிய சி. ராஜம் அதற்காகத் தம் வீட்டையே விற்றவர் என்பது தெரியுமா? கலாம் விமானப் பொறியியல் படித்தது அங்கேதான்.

அடுத்த முறை பேசச் சொன்னால் டி ஏஞ்சலிஸிலிருந்து ஆரம்பி. அந்தப் பட்டறைக்காரர்களிடம் வரும்போது "பெயர் தெரியாத சிலர்" என்று மட்டும் சொல்லிவிடாதே. சிம்சன் பட்டறைத் தச்சர்கள், கொல்லர்கள், தையல்காரர்கள் என்று தொழிலைச் சொல். அவர்களிடம் கேட்டால் அப்படித்தான் தங்களைச் சொல்லியிருப்பார்கள்.

விடுப்பு எப்போது கிடைக்கும் என்று எழுது. சிம்சன் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தீவுத்திடல் நடக்கும் தூரம்தான். வெயில் ஏறுமுன் நாம் இருவரும் நடந்து போய் வருவோம். என் பழைய இழைப்புளியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், போகும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா